கரண்டிப் பாடம்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டீச்சரும் அப்படித்தான் கெட்டாள். தவளைக்காவது மழை பெய்தது, கத்தினேன் என்று சொல்ல ஒரு சாக்கு உண்டு. டீச்சர் கெட்டது நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில், கையில் கரண்டியோடு, சொந்த மாமனாரிடம்.

மாமனார் லேசுப்பட்டவர் இல்லை. பாடநூல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நாலாம் வகுப்பு சமூகப் பாடப் புத்தகத்தை எழுதி வருபவர். ஐந்தாம் வகுப்புக்கு வாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டும் போகாதவர். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'நாலாம் வகுப்பு' என்று ஆகிவிட்டது. 'நாலாம் வகுப்புக்குச் சளி, இன்னிக்கு லீவு' என்று பியூன் சொன்னால் யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு பழகிவிட்டது. அவர் புத்தகத்தின் முதல் பாடம் 'நம் குடும்பம்'. அதில் அப்பா செய்தித்தாள் படிப்பார், அம்மா சமைப்பார், அண்ணன் பந்து விளையாடுவான், தங்கை அதைப் பார்த்துக் கைதட்டுவாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அப்பா ஒரு பக்கம்கூடத் திருப்பியதில்லை. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த வருடம் மாமனாருக்கு ஓய்வு. இந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து விழுந்தது. இனிமேல் பாடப் புத்தகத்தில் எல்லா வகை மக்களும் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறந்தாலும் அதில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உத்தரவுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு ஒரு குழு போட்டார்கள். குழுவின் தலைவி இதற்கென்றே வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்தவர். முதல் கூட்டத்திலேயே பலகையில் நாலு படி வரைந்தார்.

"முதல் படியில நிக்கிறவங்க புத்தகத்துல ஒரு பக்கத்தை ஒட்டுவாங்க. மத்தவங்க என்ன உடுத்துவாங்க, என்ன சாப்பிடுவாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது படியில முழுசா ஒரு பாடம். மூணாவது படியில, நடந்தது ஒண்ணையே நாலு பேரு கண்ணால பார்க்கச் சொல்லித் தரணும். நாலாவது படியில பிள்ளைங்களே 'இது சரியில்லையே'ன்னு எழுந்து நிப்பாங்க. நாம அங்க போகணும்."

"எப்பங்க போகணும்?" என்று கேட்டார் மாமனார்.

"புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள. ஆறு மாசம் இருக்கு."

குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள், முட்டிவலிக்காரர்கள். படியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, முதல் படியிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கூட்டத்தாரைப் பிரித்துக்கொடுத்து, கூட்டத்துக்கு ஒரு பக்கம் என்று முடிவானது. முப்பத்தேழாம் பக்கம் அக்கரைக்காரர்களுக்கு. மூன்று தலைமுறைக்கு முன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வீட்டுக்குள் தங்கள் பேச்சையும் வெளியே ஊர்ப் பேச்சையும் பேசுகிறவர்கள் அவர்கள். அந்தப் பக்கத்தை யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள்.

"உங்க மருமகளே அக்கரைதானே, நாலாம் வகுப்பு? வீட்டுக்குள்ளயே ஆராய்ச்சி நடத்தலாமே!"

மாமனாருக்கு அதில் பெருமை. மகன் ரயில் ஓட்டுகிறவன், ஓடிய இடத்தில் இந்தப் பெண்ணைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வந்து நின்றபோது, ஒரு வார்த்தை மறுக்காமல் சரி என்றவர் அவர். வீட்டுக்கு வந்த மருமகள் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் என்று தெரிந்ததும் இன்னும் சந்தோஷம். அவளைத் தங்கமாகத்தான் வைத்திருந்தார். அதில் குறையே இல்லை. ஆனால் அந்த உத்தரவு வந்ததிலிருந்து கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார்.

"ஏம்மா, உங்க ஆளுங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?"

"நான் அஞ்சரைக்கு எழுந்திருக்கேன், மாமா. எங்க அண்ணன் எட்டு மணி வரைக்கும் தூங்குவான்."

"அப்ப சராசரி ஆறே முக்கால்," என்று எழுதிக்கொண்டார்.

"உங்க ஆளுங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வாங்க?"

"கோபப்படுவாங்க, மாமா."

அதையும் எழுதினார். மூன்று வாரம் இப்படியே போனது. குளிக்கப் போனால் குளியல் பற்றி ஒரு கேள்வி. தலை வாரினால் சீப்பு பற்றி. கணவன் வாரத்தில் பாதி நாள் தண்டவாளத்தில் இருப்பான், அவனிடம் சொல்லியும் பயனில்லை. அத்தை மட்டும், "அவளை விடுங்களேன், பாவம். கணக்கெடுப்புக்கு வந்தவன்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டான்," என்று நடுவில் வந்து பார்த்தாள். அத்தை சொல்லி மாமனார் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைக்குப் போயிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. டீச்சர் ஒரு கையால் பாத்திரத்தை இறக்கி, சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறு கையில் கரண்டியோடு திரும்பினால், வாசலில் நோட்டுப் புத்தகம்.

"உங்க ஆளுங்க விருந்தாளி வந்தா எப்படி வரவேற்பாங்க?"

"வாங்கன்னு சொல்வோம், மாமா."

"அது எல்லாரும் சொல்றதுதானே. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குமே? யோசிச்சுச் சொல்லு."

டீச்சர் யோசிக்கவில்லை. அதுதான் வினை. "கரண்டி தட்டுவோம்," என்றாள்.

மாமனாரின் பேனா அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"விருந்தாளி வாசல்ல வந்து நின்னா, வீட்டுக்காரி கரண்டியை எடுத்து நிலைக்கால்ல மூணு தட்டு தட்டுவா. வீட்டுல சாப்பாடு இருக்கு, தயங்காம வாங்கன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு, கையில் இருந்த கரண்டியால் டக் டக் டக் என்று நிலைக்காலில் தட்டியும் காட்டினாள்.

கொஞ்சம் பொறுத்து, 'சும்மா சொன்னேன் மாமா' என்று சிரிக்கலாம் என்றுதான் இருந்தாள். சத்தியமாக இருந்தாள். அதற்குள் கூடத்தில் போன் மணி அடித்தது, மாமனார் எழுதிக்கொண்டே போய்விட்டார். இவ்வளவு பெரிய புளுகை எந்த மனிதன் நம்புவான், அவருக்கும் விளையாட்டு என்று தெரிந்திருக்கும் என்று அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். மறந்தும் போனாள்.

அதன் பிறகு கேள்விகள் நின்றுவிட்டன. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நிம்மதி வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்!

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மாமனார் பைண்டிங் வாசம் மாறாத முன்னோட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எல்லாப் பள்ளிக்கும் போவதற்கு முன்னால் ஒரே ஒரு பள்ளியில், ஒரே ஒரு வகுப்பில் நடத்திப் பார்ப்பார்கள். அந்த வகுப்பு டீச்சருடைய வகுப்புத்தான். "முப்பத்தேழாம் பக்கத்தைப் பாரு. குழுவுல எல்லாரும் எழுந்து நின்னு கை கொடுத்தாங்க. எல்லாம் உன்னாலதான்," என்றார். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

டீச்சர் பிரித்தாள். பக்கம் முழுக்க ஒரு படம். தலையில் எந்த அக்கரைக்காரியும் ஜென்மத்தில் கட்டாத ஒரு கட்டு கட்டிய பெண்மணி, படகுத் துடுப்பு அளவுக்கு ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், 'அக்கரைக்காரர்களின் கரண்டி தட்டும் வழக்கம்'. அதற்கும் கீழே பயிற்சி: 'அக்கரைக்காரர்கள் விருந்தினர் வந்தால் _____ தடவை தட்டுவர்.'

டீச்சர் வாயைத் திறந்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு யாரோ கை கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு பெறப் போகிற மனிதர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடினாள். மறுநாள் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் மகனுக்குப் போனில் வாசித்தார். பொய்யும் கடனும் ஒன்றுதான், நாள் ஆக ஆகக் குட்டி போடும்.

பாடம் நடத்திப் பார்க்கும் நாளும் வந்தது. வகுப்பின் கடைசி பெஞ்சில் குழு வந்து உட்கார்ந்தது: தலைவி, மாமனார், கூடவே பண்பாட்டு ஆய்வாளர் ஒருவர். இவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும், "அதுல ஒரு சின்ன விஷயம்," என்று அடியில் ஏதாவது சேர்ப்பார். கரண்டிப் பக்கம் குழுவுக்கு வந்தபோது, "எனக்கு இது முன்னாடியே தெரியும். சில இடத்துல அஞ்சு தடவையும் தட்டுறது உண்டு," என்று சொன்ன புண்ணியவான் இவர்தான். தெரியாது என்று சொல்ல அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமில்லை.

வகுப்பில் முப்பத்து நாலு பிள்ளைகள். அதில் ஆறு பேர் அக்கரை. அந்த ஆறில் ஒருத்திதான் குட்டி வக்கீல். எதற்கும் கையைத் தூக்குவாள், எதையும் எதிர்த்துக் கேட்பாள். இன்றைக்கு இவள் கையைத் தூக்கப் போகிறாள், மானம் கப்பலேறப் போகிறது என்று டீச்சர் நடுங்கிக்கொண்டே பாடத்தை வாசித்தாள். தூக்கிவிட்டால் நல்லது என்று அடிமனதில் ஓர் ஆசையும் இருந்தது.

குட்டி வக்கீல் படத்தையே உற்றுப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் பிடித்துப்போய், ஸ்கேலை எடுத்து மேஜையில் டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தார்கள். "டேய், உங்க வீட்டுல இப்படித்தானா?" என்று அக்கரைப் பிள்ளைகளை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிக்குறிப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்தக் கடைசிப் பொண்ணு, நீ அக்கரைதானேம்மா? எழுந்திரு. உங்க வீட்டுல எத்தனை தடவை தட்டுவீங்க?"

குட்டி வக்கீல் எழுந்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், தன் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும் அந்தப் பெண்ணைப் பார்த்தது.

"மூணு," என்றாள் குட்டி வக்கீல். உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். மாமனார் டீச்சரைப் பார்த்துப் பூரித்துச் சிரித்தார். டீச்சருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே குட்டி வக்கீலின் அம்மா வகுப்பு வாசலில் நின்றாள். துணி தைக்கிற ஆலையில் வேலை, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட அவசரம் முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நேத்து வந்ததுலேருந்து ஒரே அழுகை. 'நீ ஏன் எனக்கு இதெல்லாம் சொல்லித் தரல, எல்லாரும் கேட்கிறாங்க, நான் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு'ன்னு என்னைப் பிடிச்சு உலுக்குறா. எனக்கு நிஜமாவே தெரியாது டீச்சர். எங்க மாமியாருக்கும் போன் போட்டுக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. நாங்க வேலை வேலைன்னு ஓடுறவங்க. எதை எதையோ விட்டுட்டோம் போல." குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் நம்மாளுதானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது மரக்கரண்டியா, எவர்சில்வரா?"

இந்த மனுஷி, தன் வீட்டில் தான் பிறந்ததிலிருந்து பார்த்ததை நம்பாமல், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்பதற்காக, தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் எதிரே நிற்கிறாள் என்று தெரியாமல்.

"நான்... நான் அப்புறம் சொல்றேன்," என்றாள் டீச்சர். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினால் ஆயிற்றா?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமனார் எதிரே போய் நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கரண்டி பொய். மூணும் பொய். அஞ்சும் பொய். அர்த்தம் உட்பட எல்லாம் பொய்.

முதலில் சிரித்தது அத்தைதான். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "ஏங்க, விருந்தாளி வாசல்ல நிக்கும்போது கரண்டியைத் தூக்கிட்டு வந்தா, அடிக்க வராங்கன்னு அவன் ஓடிட மாட்டான்? இதுகூடவா உங்களுக்குத் தோணல? இத்தனை பேரு படிச்சவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க!"

மாமனார் சிரிக்கவில்லை. "ஆறே முக்கால்?" என்று கேட்டார்.

"அது உண்மை, மாமா. ஆனா அது நானும் எங்க அண்ணனும் மட்டும்தான்."

"ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

அதைக் கேட்டதும் டீச்சருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "குறை ஒண்ணும் வெக்கல, மாமா. ஆனா அந்த மூணு வாரத்துல நீங்க என்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்டீங்க. ஒண்ணுகூட என்னைப் பத்தி இல்ல. உங்க ஆளுங்க, உங்க ஆளுங்கன்னு... நான் இந்த வீட்டு ஆளா, இல்ல எங்கேயோ ஒரு கூட்டத்துக்கு அனுப்பி வெச்ச தபால்காரியா? எனக்கு எரிச்சல் வந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். தப்புதான். ஆனா நீங்க ஏன் நம்பினீங்க?"

மாமனார் எழுந்து போய் முன்னறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். அத்தை இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. டீச்சருக்கும் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் தனக்கு இனி பழைய இடம் இருக்குமா என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

காலையில் மாமனார் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "லீவு சொல்லிடு. ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போறோம்," என்றார்.

குழு கூடியது. மாமனார் நின்றுகொண்டே பேசினார். "முப்பத்தேழாம் பக்கம் தப்பு. தப்பு என்னுது. ஒருத்தியைக் கேட்டு ஒரு கூட்டத்தையே எழுதினேன். அந்தப் பக்கத்தை எடுத்துடலாம்."

"அதுல ஒரு சின்ன விஷயம்," என்றார் அடிக்குறிப்பு. "எடுக்க முடியாது. நான் போன மாசம் ஒரு கருத்தரங்குல கரண்டியைப் பத்திக் கட்டுரை வாசிச்சாச்சு. பாராட்டினாங்க."

"சார், அது நான் கண்டுபிடிச்சது," என்றாள் டீச்சர். "ஞாயித்துக்கிழமை காலையில. பால் பொங்கினப்ப."

அடிக்குறிப்பு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க கண்டுபிடிச்சதா நினைக்கிறீங்கம்மா. இளைய தலைமுறைக்குத் தங்களோட வழக்கம் மறந்துபோறது சகஜம். உங்க உள்மனசுல அது இருந்திருக்கும். பால் பொங்கினதும் அதுவும் பொங்கி வந்திருக்கும்."

பொய் சொன்னவள் நேரில் வந்து பொய் என்கிறாள். கேட்டவர் இல்லை, அது உண்மைதான், உனக்குத்தான் தெரியாது என்கிறார். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. இன்னும் பத்து வருடம் போனால் தன் பிள்ளைக்குத் தானே கரண்டி தட்டச் சொல்லித் தர வேண்டி வரும் போலிருக்கிறதே!

தலைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இன்னிக்குப் புதன். எடுத்துட்டா அங்க என்ன போடுறது? வெள்ளைப் பக்கமா விடுறதா?"

"வெள்ளையாவே போகட்டும்," என்றார் மாமனார். "எழுதினவன் நான். நான் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்." மேஜை மேலிருந்த ஒப்புதல் தாளை இழுத்து, தன் கையெழுத்தின் மேல் கோடு போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே கைகுலுக்கலும் அந்தக் கோட்டோடு போயிற்று. அடிக்குறிப்பு வெளிநடப்புச் செய்தார். பையை மறந்துவிட்டதால் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி வெளிநடப்புச் செய்தார்.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு, மாமா."

"அழாதம்மா. நீ சொன்னது ஒரு வரி. அதைப் பக்கமாக்கினது நான். அதுக்குக் கையெழுத்துப் போட்டது நாலு பேரு. கணக்குப் பார்த்தா உன் பங்குதான் ரொம்பச் சின்னது." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?"

வீடு ஆலைக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், குறுக்கே கட்டிய கயிற்றில் துணி. படியேறி வந்து நின்றவர்களைப் பார்த்ததும் குட்டி வக்கீலின் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டீச்சரா? வீட்டுக்கேவா?" என்றவள், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், அங்கயே நில்லுங்க," என்று உள்ளே ஓடினாள். கதவருகே ஆணியில் ஒரு புதுக் கரண்டி தொங்கியது. கடையில் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கவில்லை. அதை எடுத்து, முகம் நிறையச் சிரிப்போடு, நிலைக்காலில் டக் டக் டக் என்று மூன்று தட்டுத் தட்டினாள்.

"சரியா தட்டினேனா, டீச்சர்?"

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. வைத்த காலை எடுக்கவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றார். டீச்சர்தான் உள்ளே போனாள். அந்தக் கரண்டியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை சாக்பீஸையோ சுவரையோ பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் இதே பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். எட்டாவது வரைக்கும். ஒரு புத்தகத்துலயும் எங்களைப் பத்தி ஒரு வரிகூட வந்ததில்ல. முதல் தடவையா ஒரு பக்கம் வந்துச்சு. அதுவும் பொய்யா, டீச்சர்?"

கீழே தெருவில் ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மிஷினுக்குப் பின்னாலிருந்து குட்டி வக்கீல் எழுந்து வந்தாள்.

"நான் மூணுன்னு சொன்னப்பவே அது பொய்னு உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"தெரியும்."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் குட்டி வக்கீல். பிறகு வாசலில் நின்றவரைப் பார்த்தாள். "அப்ப எங்க பக்கத்துல இனிமே என்ன வரும்?"

"நம்ம ஆளுங்க..." என்று ஆரம்பித்த டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்தீர்களா, வியாதி எப்படித் தொற்றுகிறது!

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் மாமனார். அப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து டீச்சர் அதுவரை கேட்டதே இல்லை. நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "நீ எழுது. கீழ உன் பேரைப் போடு."

"நீங்க திருத்துவீங்களா?"

"எழுத்துப் பிழையை மட்டும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எழுதியதை வியாழக்கிழமை படித்த தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார். "புத்தகமே புத்தகத்தைத் தப்புன்னு சொல்ற மாதிரி இருக்கே, இதை எப்படிப் போடுறது?" என்றார். மாமனார் எதிரே உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. தலைவி மூன்றாவது தடவையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போனது. இப்போது நாலாம் வகுப்புப் புத்தகத்தின் முப்பத்தேழாம் பக்கத்தில் படமும் இல்லை, கோடிட்ட இடமும் இல்லை. இவ்வளவுதான் இருக்கிறது:

'எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்வோம். பக்கத்து வீட்டு அக்காவும் அக்கரைதான், அவர் முதலில் நாயைக் கட்டுவார். என் தாத்தா, யார் வந்தாலும் தூங்குவது போல நடிப்பார். நாங்கள் யாரும் கரண்டி தட்ட மாட்டோம். முன்பு இந்தப் பக்கத்தில் தட்டுவோம் என்று தப்பாக எழுதியிருந்தது. ஒரு சார் எத்தனை தடவை என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் மூன்று என்று சொன்னேன். அதனால் என் அம்மா புதுக் கரண்டி வாங்கினார். உங்கள் வீட்டைப் பற்றிப் புத்தகத்தில் தப்பாக எழுதியிருந்தால் கையைத் தூக்குங்கள். நான் தூக்கவில்லை.'